விழுந்துகொண்டே சுற்றுபவை

ஒரு பொருள் பூமியைச் சுற்றிவர இரண்டே காரியங்கள் நடந்தாக வேண்டும். பூமி அதைத் தன் மையத்தை நோக்கி இழுக்க வேண்டும். அந்தப் பொருள் பக்கவாட்டில் போதிய வேகத்துடன் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். இழுப்பு மட்டும் திடீரென இல்லாமல் போனால் நிலவு அந்தக் கணத்தில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதே திசையில் நேர்கோடாக விலகிப் போய்விடும். அதன் பக்கவாட்டு வேகம் மட்டும் நின்றுபோனால் ஐந்து நாள்களுக்குள் பூமியின் மேல் வந்து விழுந்துவிடும். இரண்டும் சேர்ந்திருப்பதால் விலகியும் போகாமல், வந்தும் மோதாமல், கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இயற்கைத் துணைக்கோளான நிலவுக்கும், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்படும் செயற்கைக்கோளுக்கும் விதி ஒன்றுதான்.

இந்த விதியை ஐசக் நியூட்டன் ஒரு சிந்தனைச் சோதனையாக விளக்கினார். உயரமான மலையுச்சியில் ஒரு பீரங்கியை வைத்துக் கிடையாகச் சுட்டால் குண்டு எங்கே போய் விழும் என்பதே அவர் கேட்ட கேள்வி. அந்தப் பீரங்கியை ஜவ்வாது மலையின் கிழக்கு விளிம்புக்குக் கொண்டுவரலாம். கீழே திருவண்ணாமலை மாவட்டத்துக் கண்ணமங்கலம். அதற்கு அப்பால் கிழக்கே ஆரணி, செய்யாறு, செங்கல்பட்டு என்று சமவெளி விரிந்து கடலைத் தொடுகிறது. முகடு சமவெளியிலிருந்து 700 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டு, காற்றின் தடையையும் பூமியின் சுழற்சியையும் இப்போதைக்கு மறந்துவிட்டால் கணக்கு எளிது. 700 மீட்டர் விழ எந்தப் பொருளுக்கும் சுமார் 12 நொடி ஆகும். கையால் பலமாக எறிந்த கல் அந்த 12 நொடியில் ஏறக்குறைய 330 மீட்டர் தள்ளி அடிவாரத்தில் விழும். நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் பாயும் துப்பாக்கிக் குண்டு ஒன்பது, பத்து கிலோமீட்டர் தாண்டித் தரையைத் தொடும். இரண்டுமே ஒரே 12 நொடிதான் விழுகின்றன. எவ்வளவு தூரம் போய் விழுகின்றன என்பதுதான் வேறுபடுகிறது.

இனி குண்டின் வேகத்தை நொடிக்கு 8 கிலோமீட்டராக உயர்த்தலாம். 12 நொடியில் அது 96 கிலோமீட்டர் போய்விடும், கிட்டத்தட்ட செங்கல்பட்டு வரை. அதற்குள் வழக்கம்போல் 700 மீட்டர் விழுந்தும் இருக்கும். ஆனால் தரையைத் தொட்டிருக்காது. பூமி உருண்டை என்பதால், முகட்டிலிருந்து கிடையாக ஒரு நேர்கோடு இழுத்தால் 96 கிலோமீட்டருக்கு அப்பால் நிலம் தானும் வளைந்து சுமார் 700 மீட்டர் இறங்கிப் போயிருக்கிறது. குண்டு விழுந்த அளவும் நிலம் இறங்கிய அளவும் சமம். ஆகவே செங்கல்பட்டுக்கு மேலேயும் குண்டு அதே 700 மீட்டர் உயரத்தில்தான் பறந்துகொண்டிருக்கும். அடுத்த 12 நொடியில் வங்கக் கடலுக்கு மேலும் அதே கதை. இப்படியே பூமியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில், மேற்கிலிருந்து ஜவ்வாது மலைக்கே வந்து சேரும். விழுவதை அது ஒரு கணமும் நிறுத்தவில்லை. விழுந்து சேரத் தரைதான் கிடைக்கவில்லை. சுற்றுப்பாதை என்பதன் முழுப் பொருளும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

துல்லியமாகச் சொன்னால் பூமிப்பரப்பை ஒட்டிச் சுற்றத் தேவையான வேகம் நொடிக்கு 7.9 கிலோமீட்டர். அதற்கும் மேல் வேகத்தைக் கூட்டினால் பாதை நீள்வட்டமாக நீண்டுகொண்டே போகும். நொடிக்கு 11.2 கிலோமீட்டரை எட்டினால் பாதை மூடாது. பொருள் பூமிக்குத் திரும்பவே திரும்பாது.

காற்றை மறந்துவிட்டுப் போட்ட கணக்கு இது. உண்மையில் 700 மீட்டர் உயரத்தில் அந்த வேகத்தில் போகும் எதுவும் காற்றில் உராய்ந்து நொடிகளில் எரிந்து சாம்பலாகும். ராக்கெட் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே போவதற்கு இதுவே காரணம். காற்றிலிருந்து விலகவே உயரம் வேண்டியிருக்கிறது. ஈர்ப்பிலிருந்து விலகுவதற்காக உயரே போகிறது என்று பரவலாக நம்பப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகள் மட்டுமல்ல, படித்த பெரியவர்களும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் உள்ளதில் ஏறக்குறைய 89 விழுக்காடு அப்படியே இருக்கிறது. அங்கே வீரர்கள் மிதப்பது ஈர்ப்பு இல்லாததால் அன்று. நிலையமும், அதற்குள் இருக்கும் மனிதரும், அவர் கையிலிருந்து நழுவிய பேனாவும் ஒரே வேகத்தில் சேர்ந்து விழுந்துகொண்டிருப்பதால் ஒன்றையொன்று அழுத்துவதில்லை. எடை என்று நாம் உணர்வது அந்த அழுத்தத்தைத்தான்.

ராக்கெட் செலவழிக்கும் எரிபொருளில் பெரும்பகுதியும் உயரத்துக்காகச் செலவாவதில்லை, பக்கவாட்டு வேகத்துக்காகவே செலவாகிறது. செங்குத்தாகக் கிளம்பிய ராக்கெட் கொஞ்ச நேரத்திலேயே கடலை நோக்கிச் சாய்வதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம். சாய்ந்த பிறகுதான் அதன் உண்மையான வேலை தொடங்குகிறது. சுற்றுப்பாதை வேகத்தை எட்டியபின் இயந்திரத்தை அணைத்துவிடலாம். தடுக்கக் காற்று இல்லாத இடத்தில், ஒருமுறை பெற்ற வேகம் தானாகக் குறையாது.

நிலவும் இப்படித்தான் விழுந்துகொண்டிருக்கிறது என்பதை நியூட்டன் எண்களால் காட்டினார். பூமியின் மையத்திலிருந்து தரை இருக்கும் தூரத்தைப்போல 60 மடங்கு தூரத்தில் நிலவு இருக்கிறது. தூரம் கூடக்கூட ஈர்ப்பு அந்தத் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்றால், நிலவு இருக்கும் இடத்தில் பூமியின் இழுப்பு 60 பெருக்கல் 60, அதாவது 3,600-ல் ஒரு பங்காக இருக்க வேண்டும். மரத்திலிருந்து உதிரும் காய் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழுகிறது. அதை 3,600-ஆல் வகுத்தால் 1.36 மில்லிமீட்டர். நிலவின் பாதையையும், அது ஒரு சுற்று முடிக்க எடுக்கும் 27.3 நாளையும் வைத்துத் தனியே கணக்கிட்டாலும், நேர்கோட்டிலிருந்து அது நொடிக்கு உள்நோக்கி வளையும் அளவு அதே 1.36 மில்லிமீட்டர்தான். அந்த ஒரு நொடிக்குள் அது முன்னோக்கி ஒரு கிலோமீட்டர் போயிருக்கும். காயை விழவைப்பதும் நிலவைச் சுற்றவைப்பதும் ஒரே விசை என்று 1687-ல் வெளியான ‘பிரின்சிபியா’ உலகுக்குச் சொன்னது. மனித அறிவு செய்த கணக்குகளில் இதற்கு ஈடாகச் சொல்லக்கூடியவை மிகச் சில.

தூரம் கூடினால் இழுப்பு குறைகிறது. அதனால் சுற்றுவதற்குத் தேவையான வேகமும் குறைகிறது, சுற்ற வேண்டிய பாதையோ நீள்கிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகம், ஒரு சுற்றுக்கு சுமார் 93 நிமிடம். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 3.07 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு நாள். நிலவின் தூரமான 3,84,400 கிலோமீட்டரில் நொடிக்கு ஒரு கிலோமீட்டர், 27.3 நாள். தூரத்தின் மும்மடியும் காலத்தின் இருமடியும் எப்போதும் ஒரே விகிதத்தில் இருக்கும் என்று ஜோகன்னஸ் கெப்ளர் கோள்களைப் பார்த்துக் கண்டறிந்து 1619-ல் வெளியிட்ட விதி இது. ஏன் அப்படி என்பதை நியூட்டனின் ஈர்ப்பு விதி பின்னால் விளக்கியது. இந்த விதியில் சுற்றும் பொருளின் எடைக்கு இடமே இல்லை. ஒரே உயரத்தில் இருந்தால் 400 டன்னுக்கு மேல் எடையுள்ள விண்வெளி நிலையமும் அதிலிருந்து கழன்ற ஒரு திருகாணியும் ஒரே வேகத்தில்தான் சுற்றும்.

எடை தேவைப்படுவது நடுவில் இருந்து இழுக்கும் பொருளுக்கு. வியாழனின் துணைக்கோளான அயோ, அந்தக் கோளின் மையத்திலிருந்து சுமார் 4,22,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நம் நிலவு பூமியிலிருந்து இருப்பதைவிடச் சற்றுக் கூடுதல் தூரம், அவ்வளவுதான். ஆனால் நிலவுக்கு 27 நாள் பிடிக்கும் சுற்றை அயோ நாற்பத்திரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. அவ்வளவு வேகமாகச் சுற்றும் ஒன்றை விலகிப் போகவிடாமல் பிடித்துவைக்க வியாழனின் நிறை பூமியைப்போல 318 மடங்கு இருக்க வேண்டும் என்று இந்த ஒரு ஒப்பீட்டிலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம். துணைக்கோள் உள்ள எந்தக் கோளையும், அங்கே போகாமலே, இப்படி எடைபோட முடிகிறது.

1610 ஜனவரியில் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு துணைக்கோள்களில் அயோ, யூரோப்பா, கானிமீடு மூன்றும் இன்னொரு வகையிலும் கவனத்துக்குரியவை. கானிமீடு ஒரு சுற்று முடிப்பதற்குள் யூரோப்பா இரண்டு சுற்றும் அயோ நான்கு சுற்றும் முடிக்கின்றன. ஒன்றையொன்று குறிப்பிட்ட இடங்களில் சந்தித்து இழுப்பதால் இந்தத் தாளம் கலையாமல் நிற்கிறது.

கானிமீட்டின் வரலாற்றில் ஜவ்வாது மலைக்கும் ஓர் இடம் உண்டு. கண்ணமங்கலத்திலிருந்து மேற்கே, அதே மலைத்தொடரின் மறுபக்கத்தில், ஆலங்காயத்தை அடுத்து இருக்கிறது காவலூர். நகர வெளிச்சத்திலிருந்து விலகிய இந்த மலைக்காட்டை வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்து, 1960-களின் பிற்பகுதியில் சிறிய தொலைநோக்கியுடன் வேலையைத் தொடங்கினார். 1972-ல் ஒரு மீட்டர் விட்டமுள்ள ஜெர்மன் தொலைநோக்கி அங்கே வந்தது. அதே ஆண்டு ஜூன் 7 அன்று கானிமீடு ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்து அதை மறைத்தது. காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் இருந்து அந்த மறைப்பு பதிவுசெய்யப்பட்டது. கானிமீட்டைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கான தொடக்கச் சான்றாக அந்தப் பதிவு எடுத்துக்கொள்ளப்பட்டது. இப்படி ஒரு மறைப்பு எந்த நிமிடத்தில், எந்த நாட்டிலிருந்து தெரியும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது எதனால்? கோள்களும் துணைக்கோள்களும் ஈர்ப்பு விதியை மீறாமல் ஓடுவதால்தான்.

ஐந்து ஆண்டுக்குப் பின், 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனைக் கடக்கவிருந்தது. காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதே ஒரு மீட்டர் தொலைநோக்கியுடன் காத்திருந்தார்கள். கோளின் விளிம்பு விண்மீனை நெருங்குவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் சட்டென்று மங்கி மீண்டது. யுரேனஸின் அதுவரை அறியப்படாத துணைக்கோள் ஒன்று குறுக்கே போயிருக்க வேண்டும் என்பதே காவலூர்க் குழுவின் முதல் முடிவு. அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் பறந்தபடி நோக்கிய ஜேம்ஸ் எலியட்டின் அமெரிக்கக் குழுவுக்குக் கோளின் இருபுறமும் வரிசையாகப் பல மங்கல்கள் கிடைத்தன. ஒருபுறம் கண்டவை மறுபுறமும் அதே தொலைவுகளில் அமைந்திருந்தன. எல்லாப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது உண்மை தெளிந்தது. யுரேனஸைச் சுற்றி மெல்லிய வளையங்கள் இருக்கின்றன. அதுவரை வளையம் உள்ள கோள் என்று சனி ஒன்றே அறியப்பட்டிருந்தது.

துணைக்கோள் என்று முதலில் எண்ணியதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வளையம் என்பது தட்டுப்போல ஒட்டிய ஒரே பொருள் இல்லை. கணக்கற்ற சிறு கற்களும் துகள்களும் ஒவ்வொன்றும் தனித்தனித் துணைக்கோளாகத் தன் பாதையில் தன் வேகத்தில் சுற்றுகின்றன. உள்ளே இருப்பவை வேகமாகவும் வெளியே இருப்பவை மெதுவாகவும் ஓடுகின்றன. இவை உரசி மோதி நாளடைவில் பரந்து கலைந்துபோக வேண்டும். ஆனால் யுரேனஸின் மிகப் பிரகாசமான வளையம், கோளின் மையத்திலிருந்து 51,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தும், 20 முதல் 100 கிலோமீட்டர் அகலத்துக்குள் ஒடுங்கியே நிற்கிறது. 1986 ஜனவரியில் வாயேஜர்-2 விண்கலம் அவ்வழியே போனபோது அந்த வளையத்தின் உட்புறம் கார்டிலியா, வெளிப்புறம் ஒஃபீலியா என்று இரு சிறு துணைக்கோள்களைக் கண்டது. உள்ளே இருக்கும் கார்டிலியா வளையத் துகள்களைவிட வேகமாகச் செல்கிறது. தாண்டிப் போகும்போது அவற்றை முன்னோக்கி இழுத்து ஆற்றல் கொடுக்கிறது. ஆற்றல் பெற்ற துகள் சற்று வெளியே நகர்கிறது. வெளியே இருக்கும் ஒஃபீலியா மெதுவாகச் செல்வதால் துகள்களைப் பின்னிழுத்து ஆற்றலைக் குறைக்கிறது. ஆற்றல் இழந்த துகள் உள்ளே வருகிறது. இரண்டுக்கும் நடுவே வளையம் கட்டுக்குள் இருக்கிறது. ஆடுகளை இருபுறமும் நின்று ஓட்டிச் செல்லும் இடையர்களின் வேலை இது.

காவலூர் செயற்கைக்கோள்களையும் பார்த்திருக்கிறது. இஸ்ரோவும் சோவியத் ஒன்றியமும் சேர்ந்து செயற்கைக்கோள்களைத் தொடர்ந்து கண்காணித்துத் தூரம் அளக்கும் நிலையம் ஒன்றை அங்கே முன்பு நடத்தின. லேசர் ஒளித்துடிப்பை அனுப்பி, செயற்கைக்கோளில் பட்டு அது திரும்பிவரும் நேரத்தை அளப்பது ஒரு முறை. 1,000 கிலோமீட்டர் தூரம் போய்த் திரும்ப ஒளிக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஏழு பங்குகூட ஆகாது. இப்படி மறுபடி மறுபடி அளந்தால் பாதை எப்படி வளைகிறது என்று தெரியும். பாதை வளைவதிலிருந்து பூமியின் ஈர்ப்பு எங்கே கூடுதல், எங்கே குறைவு என்பதும் தெரியும்.

வேகம் கொஞ்சம் குறைந்தாலும் என்ன ஆகும் என்பதை இந்தியா செயற்கைக்கோள் ஏவும் தன் முதல் ராக்கெட்டிலேயே அனுபவித்தது. அப்துல் கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3, 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதானதால் வேண்டிய வேகத்தை எட்டாமல், ஐந்து நிமிடம் பறந்து வங்கக் கடலில் விழுந்தது. எறிந்த கல்லின் பாதைதான் அதுவும். கொஞ்சம் நீளமான பாதை. 1980 ஜூலை 18 அன்று இரண்டாம் முயற்சியில் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் நின்றது. சொந்த ராக்கெட்டில் இந்தியா நிறுத்திய முதல் செயற்கைக்கோள் அது. 1981 மே 31 அன்று மூன்றாம் முறை இன்னொரு ரோகிணியை ஏவியபோது திட்டமிட்டதைவிடத் தாழ்வான பாதையே கிடைத்தது. பூமிக்கு மிக அருகில் வரும் இடம் 200 கிலோமீட்டருக்கும் கீழே அமைந்துவிட்டதால் அங்கிருந்த மெல்லிய காற்று ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தைத் தின்றது. ஒன்பதே நாளில் அந்த ரோகிணி எரிந்து முடிந்தது. விழுந்தது, நின்றது, நின்றும் நிலைக்காமல் போனது. மூன்றே ஆண்டுக்குள் சுற்றுப்பாதையின் பாடம் முழுவதும் கிடைத்துவிட்டது.

உயரமான பாதைக்கு ஒரே தாவலில் போக வேண்டிய அவசியம் இல்லை. நீள்வட்டப் பாதையில் பூமிக்கு அருகே வரும்போது செயற்கைக்கோள் மிக வேகமாகவும், தொலைவில் மிக மெதுவாகவும் போகிறது. அருகே வரும் இடத்தில் இயந்திரத்தை இயக்கி வேகத்தைக் கூட்டினால் எதிர்முனை இன்னும் தொலைவுக்கு நீளும். சந்திரயான்-3 இப்படித்தான் போனது. 2023 ஜூலை 14 அன்று எல்.வி.எம்.-3 ராக்கெட் அதை 170 கிலோமீட்டருக்கு 36,500 கிலோமீட்டர் என்ற நீள்வட்டத்தில் விட்டது. அடுத்தடுத்து ஐந்து முறை பாதையை நீட்டியதில் தொலைமுனை ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது. ஆகஸ்ட் 1 அன்று கொடுத்த உந்துதலில் நிலவை நோக்கிப் புறப்பட்டது. ஆகஸ்ட் 5 அன்று நிலவை நெருங்கியபோது முன்புறமாக இயந்திரத்தை அரை மணி நேரம் இயக்கி வேகத்தைக் குறைத்தார்கள். குறைத்திராவிட்டால் நிலவைக் கடந்து போயிருக்கும். குறைத்ததால் நிலவின் ஈர்ப்பு பிடித்துக்கொண்டது. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்தப் பயணம் முழுவதும், சரியான இடத்தில் சரியான அளவு வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாகவே நடந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2025 ஜனவரி 29 அன்று ஏவிய என்.வி.எஸ்.-02 வழிகாட்டிச் செயற்கைக்கோளில் ஒரு வால்வு திறக்காமல் போனது. பாதையை உயர்த்த முடியாமல் அது நீள்வட்டத்திலேயே தங்கிவிட்டது.

கண்ணமங்கலத்தில் மாடிக்கு மாடி இருக்கும் டிஷ் ஆன்டெனாக்களைக் கவனித்தால் எல்லாம் ஏறக்குறைய தலைக்கு மேலே, தெற்கும் தென்கிழக்குமாகச் சற்றுச் சாய்ந்து, அசையாமல் நிற்கும். அவை பார்ப்பது பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களை. அந்த உயரத்தில் ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் ஆகிறது. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றவும் அதே நேரம். இரண்டும் ஒரே திசையில், ஒரே காலத்தில் சுற்றுவதால் நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஒன்று வானத்தில் ஆணியடித்தாற்போலத் தெரிகிறது. பூமத்திய ரேகைக்கு மேல் மட்டுமே இது நடக்கும். சுற்றுப்பாதையின் தளம் எப்போதும் பூமியின் மையத்தின் வழியே போயாக வேண்டும். அதனால் கண்ணமங்கலத்துக்கு நேர் மேலே ஒரு செயற்கைக்கோளை இப்படி நிறுத்திவைக்க முடியாது. காலக் கணக்கு தவறினால் நிற்காது என்பதற்கு 2001 ஏப்ரலில் ஏவிய ஜிசாட்-1 சாட்சி. ஒரு சுற்றுக்கு 23 மணி நேரமே எடுக்கும் பாதையில் அது அமைந்துவிட்டதால் நாள்தோறும் வானத்தில் நகர்ந்துகொண்டே இருந்தது.

சரியாக நிறுத்திய செயற்கைக்கோளும் அங்கேயே நிற்பதில்லை. நிலவும் சூரியனும் இழுப்பதால் பாதை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு பாகை வரை சாயும். பூமத்திய ரேகையும் முழு வட்டமாக இல்லாமல் சற்றே நசுங்கியிருப்பதால் செயற்கைக்கோள்கள் கிழக்கு மேற்காகவும் நகரும். அப்படி நகர்பவை போய்ச் சேர விரும்பும் இடங்கள் உலகில் இரண்டு. ஒன்று அமெரிக்கக் கண்டத்தின் பக்கம். மற்றது கிழக்குத் தீர்க்கரேகை 75 பாகை அருகே, இந்தியாவுக்குத் தெற்கே. கண்ணமங்கலத்தின் தீர்க்கரேகை 79 பாகை. அந்தச் சமநிலைப் புள்ளிக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பது இந்தியாவுக்கு வாய்த்த வசதி. ஆனாலும் சாய்வைத் திருத்த எரிபொருள் வேண்டும். தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளின் ஆயுள் பெரும்பாலும் அந்த எரிபொருளின் ஆயுள்தான்.

காட்டையும் நீர்நிலையையும் பயிரையும் படமெடுக்கும் செயற்கைக்கோள்களுக்கு வேறு பாதை. அவை துருவங்களை ஒட்டிச் சுற்றுகின்றன, கீழே பூமி சுழன்று முழு உலகையும் காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே வெயில் நேரத்தில் ஓர் ஊரைப் படமெடுத்தால்தான் படங்களை ஒப்பிட முடியும். இதற்குப் பூமியின் வடிவமே உதவுகிறது. பூமி நடுவில் சற்றுப் பருத்திருக்கிறது. பூமத்திய ரேகையில் அதன் ஆரம் துருவத்தில் இருப்பதைவிட 21 கிலோமீட்டர் கூடுதல். அந்தப் பருமனின் இழுப்பு சுற்றுப்பாதையின் தளத்தையே மெல்லத் திருப்புகிறது. பாதையைச் சரியான அளவு சாய்த்து வைத்தால் நாளுக்கு ஒரு பாகை வீதம், சூரியனுக்கு ஈடுகொடுத்து அது திரும்பும். பூமியின் வடிவத்தில் உள்ள குறையையே வேலைக்காரனாக்கிக்கொண்ட இந்த ஏற்பாடு விண்வெளிப் பொறியியலின் அழகான யோசனைகளில் ஒன்று.

எங்கிருந்து ஏவுவது என்பதிலும் இயக்கக் கணக்கு நுழைகிறது. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் ஸ்ரீஹரிகோட்டாவில் அசையாமல் நிற்கும் ராக்கெட்டுக்கே நொடிக்கு சுமார் 450 மீட்டர் வேகம் இருக்கிறது. கிழக்கே ஏவினால் அது இலவச லாபம். துருவப் பாதைக்குத் தெற்கே போக வேண்டும். அங்கே இலங்கை குறுக்கிடுவதால் ராக்கெட் வளைந்து போகிறது. வளைவதற்குச் செலவாகும் எரிபொருள், சுமக்கும் எடையில் கழிகிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே ஏவினால் கடல் மட்டுமே இருக்கும். சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு அங்கே 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது.

சுற்றுப்பாதையில் ஓட்டுவதும் தரையில் ஓட்டுவதும் ஒன்றல்ல. முன்னால் போகும் செயற்கைக்கோளைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால் பாதை உயர்ந்து சுற்றும் காலம் கூடும், பின்தங்கிவிட நேரும். வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்கினால்தான் முந்த முடியும். 2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட ஸ்பேடெக்ஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் இத்தகைய நுணுக்கமான கணக்குகளுடன் நெருங்கி 2025 ஜனவரி 16 அன்று இணைந்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து இதைச் செய்த நாடு இந்தியா.

எந்தச் சுற்றுப்பாதையும் நிரந்தரம் இல்லை. 400 கிலோமீட்டரிலும் காற்றின் சுவடு உண்டு. விண்வெளி நிலையம் மாதத்துக்கு ஓரிரு கிலோமீட்டர் இறங்குகிறது, அவ்வப்போது உந்தி உயர்த்துகிறார்கள். சூரியனில் புயல் எழுந்தால் பூமியின் மேற்காற்று சூடேறி உப்பும். 2022 பிப்ரவரியில் அப்படி நடந்தபோது ஒரே ராக்கெட்டில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் சுமார் 40 சுற்றுப்பாதையில் நிலைக்காமல் போயின. காற்றில்லாத தொலைவில் மாற்றம் வேறு வகையில் வருகிறது. நிலவு எழுப்பும் கடலேற்றத்தைப் பூமியின் வேகமான சுழற்சி சற்று முன்னே தள்ளிக் கொண்டுபோகிறது. அந்த நீர்மேடு நிலவை முன்னோக்கி இழுத்து ஆற்றல் கொடுக்கிறது. நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. 1969-ல் அப்போலோ-11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பானில் லேசர் ஒளியைப் பாய்ச்சி இதை அளக்கிறார்கள். செவ்வாயின் துணைக்கோள் போபோஸுக்கு நேர்மாறான விதி. செவ்வாய் தன்னைச் சுற்றுவதைவிட வேகமாக, 7 மணி 39 நிமிடத்தில் அது செவ்வாயைச் சுற்றிவிடுவதால் ஆற்றலை இழந்து நெருங்கிவருகிறது. சுமார் 5 கோடி ஆண்டில் சிதறி வளையமாகவோ, தரையில் விழுந்தோ முடியும்.

மனிதன் ஏவியவற்றை அவ்வளவு காலம் விட்டுவைக்க முடியாது. நொடிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு சிறு உலோகத் துண்டு இன்னொரு செயற்கைக்கோளை உடைத்து நொறுக்கப் போதும், அந்த உடைசல்கள் மேலும் பலவற்றை உடைக்கும். 867 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிய இந்திய-பிரெஞ்சு வானிலைச் செயற்கைக்கோள் மேகா-ட்ராபிக்ஸ், வேலை முடிந்தபின் தானாக இறங்க நூறாண்டுக்கு மேல் ஆகியிருக்கும். மிச்சமிருந்த எரிபொருளைக் கொண்டு அதன் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடலுக்கு மேலே எரிந்து போகச் செய்தது இஸ்ரோ. ஏவுவதற்கு இணையான பொறுப்புடன் இறக்குவதையும் செய்வதே சரியான வழி. 2030-க்குள் இந்தியாவின் விண்வெளிப் பயணங்கள் எல்லாம் குப்பை விடாதவையாக இருக்கும் என்று இஸ்ரோ 2024-ல் அறிவித்திருக்கிறது.